டயாலிசிஸ் சிகிச்சைக்கான இரத்தநாள வழிகள்: வகைகள், முன்னேற்பாடு, பராமரிப்பு

சிறுநீரகங்கள் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு, உடலில் தேங்கும் கழிவுகளையும் மிகுதியான நீரையும் இயந்திரத்தின் துணையுடன் அகற்றும் சிகிச்சையே ஹீமோடயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு ஆகும். இச்சிகிச்சையில் நோயாளியின் இரத்தம் உடலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, டயலைசர் என்னும் வடிப்பானில் தூய்மையாக்கப்பட்டு, மீண்டும் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. இரத்தம் இவ்வாறு வெளியே வந்து திரும்பிச் செல்வதற்காக உடலில் அமைக்கப்படும் வாயிலே 'இரத்தநாள வழி' ஆகும்.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இந்த வழியின் வகைகளையும், அதனை எப்போது அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், எவ்வாறு பாதுகாக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ள இப்பக்கம் உதவும். டயாலிசிஸ் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே எடுக்க வேண்டிய முடிவு இது என்பதை முதலிலேயே நினைவில் கொள்ளவும்.

இரத்தநாள வழி ஏன் தேவைப்படுகிறது?

டயாலிசிஸ் இயந்திரம் பயனுள்ள வகையில் இயங்குவதற்கு, ஒரு நிமிடத்திற்குச் சுமார் 300 முதல் 400 மில்லிலிட்டர் இரத்தம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், வாரத்திற்கு 2 அல்லது 3 முறை இச்சிகிச்சை செய்யப்படுகிறது.

கையில் கண்ணுக்குத் தெரியும் சிரைகள், அதாவது இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் நாளங்கள், மெல்லிய சுவர் கொண்டவை. அவற்றில் இரத்தம் மெதுவாகவே ஓடும். சாதாரண ஊசி போடுவதற்கோ குளுக்கோஸ் ஏற்றுவதற்கோ அவை போதுமானவை. இயந்திரத்திற்குத் தேவையான அளவு இரத்தத்தை அவற்றால் தர இயலாது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகளில் வேகமும் அழுத்தமும் உண்டு. ஆனால் அவை ஆழத்தில் அமைந்துள்ளன. அவற்றில் அடிக்கடி ஊசி குத்துவது வலியையும் ஆபத்தையும் விளைவிக்கும். தமனியின் வேகமும் சிரையின் எளிய அணுகுமையும் ஓரிடத்தில் கிடைக்கும்படி செய்வதே இரத்தநாள வழியின் நோக்கம்.

சுருக்கமான வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-ஆம் ஆண்டில் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை மனிதர்களுக்குப் பயன்படுத்தினார். ஆயினும் ஒவ்வொரு சிகிச்சையின் போதும் இரத்தநாளங்களைத் திறந்து குழாய் செருக வேண்டியிருந்ததால், சில முறைகளுக்குப் பின் பயன்படுத்தத்தக்க நாளங்களே எஞ்சவில்லை. இதனால், சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு அந்த இயந்திரத்தால் நீண்டகாலப் பயன் கிடைக்கவில்லை.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், தமனியையும் சிரையையும் தோலுக்கு வெளியே டெஃப்லான் குழாயால் இணைக்கும் முறையை உருவாக்கினார். ஒரே இணைப்பை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்ததால், தொடர் டயாலிசிஸ் முதன்முறையாகச் சாத்தியமாயிற்று. ஆனால் வெளியே இருந்த குழாயில் நோய்த்தொற்றும் இரத்த உறைவும் அடிக்கடி ஏற்பட்டன. 1966-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் பிரேஷியா, சிமினோ ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும், நோயாளியின் சொந்தத் தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே நேரடியாக இணைக்கும் முறையை வெளியிட்டனர். இன்று 'ஃபிஸ்டுலா' என வழங்கப்படும் முறை இதுவே.

இரத்தநாள வழியின் வகைகள்

1. ஏ.வி. ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு)

கையிலுள்ள ஒரு தமனியும் அருகிலுள்ள ஒரு சிரையும் சிறு அறுவைச் சிகிச்சை மூலம் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. தமனியின் வேகமான இரத்தம் சிரைக்குள் பாய்வதால், அச்சிரை நாளடைவில் விரிந்து, அதன் சுவர் தடித்து உறுதியடைகிறது. அவ்வாறு பக்குவமடைந்த சிரையில்தான் ஒவ்வொரு சிகிச்சையின் போதும் இரண்டு ஊசிகள் செருகப்படுகின்றன. ஒன்று இரத்தத்தை இயந்திரத்திற்கு எடுத்துச் செல்லும். மற்றொன்று தூய்மையான இரத்தத்தை உடலுக்குத் திருப்பித் தரும்.

பெரும்பாலும் இந்த அறுவைச் சிகிச்சை, கையை மட்டும் மரத்துப்போகச் செய்து மேற்கொள்ளப்படுகிறது. பலர் அன்றே வீடு திரும்பலாம். இயன்றவரை, நீங்கள் குறைவாகப் பயன்படுத்தும் கையே தேர்ந்தெடுக்கப்படும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடக்கையில் அமைப்பது வழக்கம். முதலில் மணிக்கட்டருகில் அமைக்க முயல்வர். அங்குள்ள நாளங்கள் போதுமானவையாக இல்லையெனில் முழங்கை மடிப்பில் அமைப்பர். எந்த நாளம் ஏற்றது என்பதை அறிய, டாப்ளர் ஸ்கேன் முன்கூட்டியே எடுக்கப்படும்.

நன்மைகள்: உடலில் அந்நியப் பொருள் எதுவும் இல்லாததால், மற்ற வகைகளைவிட நோய்த்தொற்றும் இரத்த உறைவும் குறைவு. நன்கு பராமரித்தால் பல ஆண்டுகள் பயன்படும்.

குறைபாடு: ஃபிஸ்டுலாவை உடனடியாகப் பயன்படுத்த இயலாது. பக்குவமடைவதற்குப் பொதுவாக 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகும். சிலருக்கு மேலும் காலம் தேவைப்படும். சிலருக்கு முதல் முயற்சியில் பக்குவமடையாமலும் போகலாம். அந்நிலையில் பலூன் மூலம் நாளத்தை விரிவாக்குதலோ மறு அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம்.

2. ஏ.வி. கிராஃப்ட் (செயற்கைக் குழாய் இணைப்பு)

சிரைகள் மிகவும் மெலிந்தோ சேதமடைந்தோ இருப்பின், மென்மையான செயற்கைக் குழாய் ஒன்று தோலுக்கு அடியில் பொருத்தப்படுகிறது. அதன் ஒரு முனை தமனியிலும் மறுமுனை சிரையிலும் இணைக்கப்படும். சிகிச்சையின் போது ஊசிகள் இந்தக் குழாயில் செருகப்படும். வழக்கமான கிராஃப்டைச் சுமார் 2 முதல் 3 வாரங்களில் பயன்படுத்தத் தொடங்கலாம். இன்னும் விரைவாகப் பயன்படுத்தத்தக்க கிராஃப்ட் வகைகளும் உள்ளன.

செயற்கைப் பொருள் என்பதால், ஃபிஸ்டுலாவைவிட இதில் நோய்த்தொற்றும் அடைப்பும் ஏற்படும் வாய்ப்பு அதிகம். அடைப்பை நீக்கும் சிகிச்சைகளும் அடிக்கடி தேவைப்படலாம். எனினும், ஃபிஸ்டுலா அமைக்க இயலாதவர்களுக்கு இது கதீட்டரைவிடப் பாதுகாப்பான மாற்றாக அமையக்கூடும்.

3. மைய சிரைக் கதீட்டர் (கழுத்துக் குழாய்)

கழுத்திலுள்ள பெரிய சிரை வழியாக இதயத்தின் அருகே வரை செலுத்தப்படும், இரு பாதைகள் கொண்ட மென்மையான குழாய் இது. சிவப்பு முனை வழியாக இரத்தம் வெளியேறும். நீல முனை வழியாக உடலுக்குத் திரும்பும். இதனைப் பொருத்திய உடனேயே பயன்படுத்தலாம் என்பதே இதன் முதன்மையான பயன். இதில் இரு வகைகள் உள்ளன.

தற்காலிகக் கதீட்டர்: உயிருக்கு ஆபத்தான நிலையில் உடனடியாக டயாலிசிஸ் செய்வதற்காகக் கழுத்திலோ தொடையின் மேற்பகுதியிலோ பொருத்தப்படுவது. இதனைக் குறுகிய காலத்திற்கு, பொதுவாக 2 வாரங்களுக்குள் மட்டுமே வைத்திருக்க வேண்டும். தொடையில் பொருத்தப்பட்டது இன்னும் விரைவில் அகற்றப்பட வேண்டும்.

தோலடிச் சுரங்கக் கதீட்டர்: 'பெர்ம்கேத்' எனப் பலராலும் அறியப்படுவது. குழாய் சிறிது தூரம் தோலுக்கு அடியில் சென்று மார்பின் மேற்பகுதியில் வெளிவரும். தோலுக்கு அடியிலுள்ள சிறு பட்டையைச் சுற்றித் திசு வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்வதுடன், கிருமிகள் உள்ளே செல்வதையும் ஓரளவு தடுக்கிறது. இதனை மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். ஃபிஸ்டுலா பக்குவமடையும் வரை இடைக்கால ஏற்பாடாகவும், வேறு வழி அமைக்க இயலாதவர்களுக்கு நீண்டகால வழியாகவும் இது உதவுகிறது.

கதீட்டரில் இரு முக்கிய ஆபத்துகள் உள்ளன. முதலாவது, குழாய் நேரடியாக இரத்த ஓட்டத்திற்குள் இருப்பதால், அதன் வழியே நுழையும் கிருமிகள் உடல் முழுவதும் பரவி உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். இரண்டாவது, பெரிய சிரையின் உட்சுவர் உராய்வினால் சேதமடைந்து சுருங்கலாம். அவ்வாறு சுருங்கினால் அந்தப் பக்கக் கையும் முகமும் வீங்கக்கூடும். பிற்காலத்தில் அந்தக் கையில் ஃபிஸ்டுலா அமைப்பதும் கடினமாகிவிடும். காறை எலும்புக்கு அடியில் செல்லும் சிரையில் இத்தகைய சுருக்கம் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், இயன்றவரை அங்குக் கதீட்டர் பொருத்துவது தவிர்க்கப்படுகிறது.

உங்களுக்கு ஏற்ற வகை எது?

பெரும்பாலான நோயாளிகளுக்கு ஃபிஸ்டுலா முதல் தேர்வாகவும், அடுத்து கிராஃப்டும், இறுதியாகக் கதீட்டரும் பரிசீலிக்கப்படுகின்றன. ஆயினும் இது அனைவருக்கும் பொருந்தும் விதியன்று. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நாளங்கள் மிகவும் நலிந்த முதியோர், விரைவில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இருப்பவர்கள் ஆகியோருக்கு வேறு முடிவு பொருத்தமாக இருக்கலாம். உங்கள் வயது, நாளங்களின் நிலை, நீரிழிவு, இதய நலம், உங்கள் விருப்பம் ஆகியவற்றைக் கருத்தில்கொண்டு சிறுநீரகவியல் மருத்துவர் ஆலோசனை வழங்குவார். வயிற்று உட்சவ்வு வழியாகச் செய்யப்படும் டயாலிசிஸ் முறைக்கு இரத்தநாள வழி தேவையில்லை. அது உங்களுக்கு ஏற்றதா என்பதையும் கேட்டறியவும்.

எப்போது முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

சிறுநீரகம் செயல்படும் அளவை இ.ஜி.எஃப்.ஆர். என்னும் எண் குறிக்கிறது. உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இந்த எண் 30-க்குக் கீழ் இறங்கும்போதே, சிகிச்சை முறைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்குங்கள். அது 15 முதல் 20 வரையிலான அளவை அடைந்து, தொடர்ந்து குறைந்து வருமாயின், இரத்தநாள வழி அமைப்பதற்காக அறுவைச் சிகிச்சை நிபுணரைச் சந்திப்பது அவசியம்.

இரு நிலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் தேவைப்படும் எனத் தெரிந்தும் 'இப்போது உடல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஒருவர் தள்ளிப்போடுகிறார். ஒரு நாள் மூச்சுத் திணறலுடன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். உயிரைக் காக்கக் கழுத்தில் குழாய் பொருத்துவதைத் தவிர அப்போது வேறு வழியில்லை. ஃபிஸ்டுலா அதன் பின்னரே அமைக்கப்பட்டு, அது பக்குவமடையும் வரை பல மாதங்கள் கதீட்டரின் ஆபத்துகளுடன் அவர் காலங்கழிக்க நேரிடுகிறது. மற்றொருவர் 6 மாதங்களுக்கு முன்பே ஃபிஸ்டுலா அமைத்துக்கொள்கிறார். டயாலிசிஸ் தொடங்கும் நாளில் அவருடைய கை தயாராக இருக்கிறது. இருவருக்கும் நோய் ஒன்றே. முன்கூட்டியே அமைத்துக்கொள்வதால் டயாலிசிஸ் விரைவில் தொடங்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஃபிஸ்டுலா இருப்பது டயாலிசிஸ் தொடங்கும் நாளைத் தீர்மானிப்பதில்லை.

கையின் சிரைகளைப் பாதுகாத்தல்

நாள்பட்ட சிறுநீரக நோய் எனக் கண்டறியப்பட்ட நாள் முதலே உங்கள் கைகளின் சிரைகளைப் பேணிக் காக்க வேண்டும். முன்கையிலும் முழங்கை மடிப்பிலும் ஊசி குத்தப்படும் ஒவ்வொரு முறையும் சிரை சேதமடையக்கூடும்.

• இரத்தப் பரிசோதனைக்கும் மருந்து ஏற்றுவதற்கும், இயன்றவரை புறங்கையிலுள்ள சிரைகளைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளவும்.
• ஃபிஸ்டுலாவுக்கெனத் திட்டமிடப்பட்டுள்ள கையில் 'வென்ஃப்ளான்' எனப்படும் ஊசிக்குழாயைப் பொருத்த வேண்டாம் எனத் தெரிவிக்கவும்.
• எந்தக் காரணத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும், 'எனக்குச் சிறுநீரக நோய் உள்ளது; இந்தக் கையைப் பாதுகாக்க வேண்டும்' என்று மருத்துவரிடமும் செவிலியரிடமும் முதலிலேயே கூறவும். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், உடனிருப்பவர் இதனைத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வாறு கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஃபிஸ்டுலா அல்லது கிராஃப்ட் உள்ளவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

நாள்தோறும் காலையிலும் இரவிலும், மறுகையின் விரல்களை இணைப்பின் மீது மெதுவாக வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவது போன்ற மெல்லிய அதிர்வு தொடர்ந்து உணரப்பட வேண்டும். இந்த அதிர்வே இரத்தம் தடையின்றி ஓடுவதற்கான அடையாளம். அதிர்வு குறைந்தாலோ, நின்றுவிட்டாலோ, வெறும் நாடித் துடிப்பு மட்டும் தென்பட்டாலோ, அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உறைந்த இரத்தத்தை விரைவில் அகற்றினால் இணைப்பைக் காப்பாற்ற வாய்ப்புண்டு; தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும்.

• அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவோ, மருந்து செலுத்தவோ அனுமதிக்க வேண்டாம்.
• இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டும் கயிறு, இறுக்கமான சட்டைக்கை ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• அந்தக் கையைத் தலைக்கு அணையாக வைத்தோ அதன் மீது படுத்தோ உறங்க வேண்டாம்.
• தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை போன்ற பளுவான பொருள்களை அந்தக் கையில் தூக்க வேண்டாம்.
• தையல் ஆறிய பின், மருத்துவர் அறிவுறுத்தியவாறு மென்மையான பந்தை அழுத்தும் பயிற்சியைச் செய்யவும்.
• ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன் கையைச் சோப்பினால் நன்கு கழுவவும்.
• ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசி குத்துவதால் நாளத்தின் சுவர் மெலிந்து புடைக்கக்கூடும். எனவே, ஊசி செருகும் இடம் முறையாக மாற்றப்படுகிறதா எனக் கவனிக்கவும்.
• வயிற்றுப்போக்கு, கடும் வாந்தி ஆகியவற்றால் உடலில் நீர் குறைந்து இரத்த அழுத்தம் தாழ்ந்தால் இணைப்பு அடைபடலாம். அத்தகைய நாள்களில் அதிர்வை அடிக்கடி சோதித்து, மருத்துவரை அணுகவும்.

கை விரல்கள் குளிர்ந்து, மரத்து, வலித்து, நீலம் பாய்ந்தால், விரல்களுக்குச் செல்லும் இரத்தம் குறைந்திருக்கலாம். இதனை உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

கதீட்டர் உள்ளவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

• குழாய் வெளிவரும் இடத்தில் இடப்பட்ட கட்டு எப்போதும் சுத்தமாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். தலைக்கு ஊற்றிக் குளித்தல், ஆறு, குளம், கடலில் நீராடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கழுத்துக்குக் கீழே ஈரத் துணியால் துடைத்துக்கொள்வது பாதுகாப்பானது.
• கட்டைப் பயிற்சி பெற்ற செவிலியர் மட்டுமே மாற்ற வேண்டும். கட்டு நனைந்தாலோ அவிழ்ந்தாலோ டயாலிசிஸ் மையத்தைத் தொடர்புகொள்ளவும்.
• குழாயின் மூடிகளையும் அடைப்பான்களையும் நீங்களாகத் திறக்க வேண்டாம். மையத்தில் அவற்றைத் திறக்கும்போது நீங்களும் செவிலியரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும்.
• குழாயின் அருகே கத்தரிக்கோல், பிளேடு ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம். ஆடை அணியும்போது குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளவும்.
• கதீட்டரை டயாலிசிஸுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.
• நிரந்தர வழி எப்போது அமைக்கப்படும் என்பதை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்கவும்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

இரத்தக்கசிவு: டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்தால் பொதுவாக 10 முதல் 15 நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடும். வீட்டில் இணைப்பிலிருந்து இரத்தம் பீறிட்டால், உடனே படுத்துக்கொண்டு, சுத்தமான சிறு துணியை மடித்து இரத்தம் வரும் இடத்தின் மீதே விரல்களால் உறுதியாக அழுத்தி, கையை இதய மட்டத்திற்கு மேல் உயர்த்தவும். பெரிய துண்டைச் சுற்றிக் கட்டினால் இரத்தம் அதில் ஊறுமே தவிர, நிற்காது. அழுத்தத்தை விடாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். இணைப்பின் மேல் தோல் மெலிந்து பளபளப்பாகத் தோன்றினாலோ, புண்ணோ பொருக்கோ ஏற்பட்டாலோ, அது பெரும் இரத்தக்கசிவுக்கான முன்னெச்சரிக்கை; அன்றே மருத்துவரிடம் காட்டவும்.

நோய்த்தொற்று: காய்ச்சல், குளிர் நடுக்கம் (குறிப்பாக டயாலிசிஸ் நடக்கும்போது), இணைப்பைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் ஆகியவை தோன்றினால் தாமதிக்காதீர்கள். கதீட்டர் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பது ஆபத்தானது.

கதீட்டர் கோளாறு: குழாய் வெளியே வந்துவிட்டால், அது இருந்த இடத்தைச் சுத்தமான துணியால் உறுதியாக அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்கு விரையவும். வெளியே வந்த குழாயை மீண்டும் உள்ளே தள்ள வேண்டாம். மூடி கழன்றுவிட்டால், அடைப்பான் மூடியுள்ளதா என உடனே உறுதிசெய்யவும், திறந்திருந்தால் மூடவும். காற்று இரத்த ஓட்டத்திற்குள் நுழைந்தால் மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்படலாம். அந்நிலையில் நோயாளியை இடப்பக்கமாகத் தலை தாழ்ந்திருக்கும்படி படுக்க வைத்து, 108-ஐ அழைக்கவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• எனது இ.ஜி.எஃப்.ஆர். அளவு இப்போது என்ன? அது எவ்வளவு விரைவாகக் குறைந்து வருகிறது?
• எனக்கு ஏற்ற இரத்தநாள வழி எது? அதனை எப்போது அமைக்க வேண்டும்?
• எந்தக் கையை நான் பாதுகாக்க வேண்டும்?
• இணைப்பு பக்குவமடைந்துவிட்டது என்பதை எவ்வாறு உறுதிசெய்வீர்கள்?
• இரவிலோ விடுமுறை நாளிலோ சிக்கல் ஏற்பட்டால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?

அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் சிகிச்சை பெறுவது குறித்தும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உங்களுக்குரிய சிகிச்சைகள் எவை என்பது குறித்தும், மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டறியலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. உங்கள் சிகிச்சை தொடர்பான முடிவுகளை, உங்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரைக் கலந்தாலோசித்தே மேற்கொள்ளவும்.